கை நனைக்காத வேலை

அம்மாச்சியின் சுருக்குப்பையில் வெற்றிலைக்கும் பாக்குக்கும் அடியில் சந்தைச் சீட்டுகள் மடிந்து கிடக்கும். கையகலம்கூட இல்லாத ரோஸ் நிறத் தாள். அதில் நகராட்சியின் பெயர், ஓர் எண், அதற்குக் கீழே 10 காசு என்று அச்சு. கம்பம் பள்ளத்தாக்கின் கிராமம் ஒன்றிலிருந்து கீரைக்கட்டும் கத்தரிக்காயும் சுமந்து, முதல் பஸ் ஏறி, விடிவதற்குள் டவுன் சந்தைக்குப் போய்விடுவாள். ஏழாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் நானும் கூடப் போனேன். வாசலில் நின்ற ஆள் கையை நீட்டினார். அம்மாச்சி நாலணாவைக் கொடுத்தாள். அவர் சீட்டைக் கிழித்துக் கூடைக்குள் போட்டுவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டார்.

“பத்துக் காசுன்னுதான அம்மாச்சி போட்டிருக்கு? மிச்சம் வாங்கலையா?”

“பேசாம வாடா. கேட்டம்னா நாளைக்கு வெயில்ல ஒக்காரச் சொல்லுவான்.”

அந்தப் பதினைந்து காசு எங்கே போனது என்று அன்றைக்கு எனக்கு யாரும் சொல்லவில்லை. பிற்பாடு முப்பத்து மூன்று ஆண்டுகள் நான் பார்த்த வேலை, அதைப் போன்ற காசுகள் எங்கே போகின்றன என்று தேடியதுதான்.

1989-இல் குரூப் 2 தேர்வு எழுதி, உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையில் உதவி ஆய்வாளராகச் சேர்ந்தேன். வீட்டில் யாருக்கும் அது என்ன வேலை என்று விளங்கவில்லை. ஆடிட்டர் என்றால் ஜவுளிக்கடைக்காரருக்கு வருமான வரிக் கணக்கு எழுதித் தருபவர் என்றுதான் ஊரில் நினைப்பு. அம்மாச்சிதான் சட்டென்று பிடித்தாள். “ஊர்ப்பணத்த யாரு தின்னான்னு பாக்குற வேலையா?” என்றாள். ஆமாம் என்றேன். “அப்ப நீ எங்கயும் தின்னுறாத” என்றாள்.

அதையே வேறு சொற்களில் எங்கள் ஆய்வாளரும் சொன்னார். வடக்கே வேலூர்ப் பக்கத்து மனிதர். மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டித் தேனி வந்து, வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று முல்லையாற்றை ஒட்டிப் போகும் பஸ்ஸில் அவரோடு முதல் தணிக்கைக்குப் போனேன். தேனி அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்தது. 1996-இல்தான் தனி மாவட்டம் ஆனது. ஆய்வாளர் மடியில் தூக்குவாளி வைத்திருந்தார். எலுமிச்சைச் சாதமும் அப்பளமும். “தணிக்கைக்குப் போற எடத்துல கை நனைக்கக் கூடாது தம்பி” என்றார். சம்பந்தம் பேசப் போன வீட்டில் முடிவு தெரியும்வரை பெரியவர்கள் சாப்பிட மாட்டார்கள் அல்லவா, அதே சொல். நகராட்சி அலுவலகத்து டீயைக்கூட அவர் குடித்து நான் பார்த்ததில்லை. பதினோரு மணிக்கு எழுந்து, எதிர்ச்சாரியில் இருந்த கடைக்குப் போய், தன் காசில் குடித்துவிட்டு வருவார்.

அந்தப் பள்ளத்தாக்கில் அது லேசான காரியம் இல்லை. போடியைச் சுற்றி ஏலக்காய். கம்பம், கூடலூர்ப் பக்கம் வருடம் முழுக்கத் திராட்சை. தணிக்கை முடிந்து கிளம்பும் நாளில் ஒரு பெட்டித் திராட்சையோ, மணக்க மணக்க ஒரு பொட்டலம் ஏலக்காயோ மேஜையில் வந்து உட்காரும். கொண்டுவருபவர் கெட்ட எண்ணத்தோடுதான் வருகிறார் என்று சொல்ல முடியாது. விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்புவது இந்த மண்ணில் பாவம். அதனாலேயே மறுப்பது கடினம். “வீட்டுல குழந்தைக இருக்குல்ல சார்” என்பார்கள். இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடப்போம்.

எங்கள் துறை நிதித்துறையின் கீழ் வருகிறது, நகராட்சி நிர்வாகத்தின் கீழ் அல்ல. தன் கணக்கை யார் பார்க்க வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை எந்த நகராட்சிக்கும் கிடையாது. நகரங்களின் கணக்கும் தணிக்கையும் பற்றி மாநிலங்கள் சட்டம் செய்யலாம் என்று 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சாசனத் திருத்தம் சொன்னது. உள்ளாட்சி நிதித் தணிக்கைக்கென்றே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் 2014-இல் வந்தது. ஏட்டில் நாங்கள் தனி. ஆனால் நாங்கள் உட்காரும் அறை அவர்களுடையது. நாற்காலி, மின்விசிறி, பதிவேட்டைச் சுமந்து வரும் உதவியாளர், எல்லாம் அவர்களுடையது. ஆறு வாரம் ஒரே கூரையின் கீழ் இருந்துவிட்டால் மேலாளரின் மகள் பிரசவம் முதல் பில் கலெக்டரின் வீட்டுக்கடன் வரை தெரிந்துவிடும். அதன் பிறகு அவர்கள் தவறு என்று எழுத வேண்டும். சுதந்திரமான தணிக்கை என்று சட்டம் சொல்வதை நாள்தோறும் கையால் செய்து காட்ட வேண்டியிருந்தது.

தணிக்கை முறையைக் கொஞ்சம் சொல்கிறேன். முழுத்தாளை நீளவாக்கில் மடிப்போம். இடப்பக்கம் எங்கள் கேள்வி, வலப்பக்கம் அலுவலகத்தின் பதில். ஹாஃப் மார்ஜின் என்று அதற்குப் பெயர். ரொக்கப் புத்தகம், சிட்டா, வங்கிச் செலான், வவுச்சர் கட்டு, வேலையின் அளவைக் குறிக்கும் எம்-புக், கூலியாள் வருகையைக் குறிக்கும் மஸ்டர் ரோல், குத்தகைப் பதிவேடு, சொத்துவரியின் கேட்பு வசூல் நிலுவைப் பட்டியல் என்று ஒவ்வொன்றாக வரும். ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுக்கொண்டே போவோம். பதில் சரியாக இருந்தால் கேள்வி அங்கேயே முடியும். இல்லையென்றால் தணிக்கைத் தடையாக, பேச்சு வழக்கில் ஒரு பாராவாக, ஆண்டறிக்கையில் ஏறும். நட்டம் தெளிவாக இருந்து பொறுப்பாளியும் தெரிந்தால், அதை அவரிடமே வசூலிக்கும் தண்டத்தீர்வை வரை போகலாம். “வருங்காலத்தில் தவிர்க்கப்படும்” என்ற பதிலை என் வாழ்நாளில் எத்தனை ஆயிரம் முறை படித்திருப்பேன்!

சேர்ந்த மறுவருடம் நான் எழுதிய பாரா ஒன்று இன்றும் நெஞ்சில் கிடக்கிறது. ஒரு சித்திரைத் திருவிழாவுக்குக் கூட்டிப் பெருக்கத் தற்காலிகமாகப் பதினெட்டுப் பேரை வைத்திருந்தார்கள். மூன்று நாள் வேலை. மஸ்டர் ரோலில் ஏழு வரிசையில் பெருவிரல் ரேகை இல்லை. கூலி வழங்கியதற்குச் சான்று இல்லை என்று எழுதி, அந்தத் தொகையைத் தடை செய்தேன். விதிப்படி அது சரி. எழுதி முடித்தபோது பெருமையாகக்கூட இருந்தது. அடுத்த வருடம் அதே ஊருக்குப் போனபோது பதில் தயாராக இருந்தது: தொகை வசூலிக்கப்பட்டுவிட்டது, செலான் இணைக்கப்பட்டுள்ளது. யாரிடம் வசூலித்தீர்கள் என்று கேட்டேன். அந்த ஏழு பேரின் அடுத்த வேலைக் கூலியில் பிடித்திருந்தார்கள்.

அவர்களில் ஓர் அம்மா அலுவலக வாசலில் கோலமாவு டப்பாவோடு உட்கார்ந்திருந்தார். பேசினேன். “ரேகை வைக்கிற நேரத்துல பிள்ளைக்குக் காய்ச்சல்னு வீட்டுக்கு ஓடிட்டேன் சார். காச மேஸ்திரி மறுநா குடுத்தாரு. நோட்டு வேற எடத்துல இருந்துச்சு” என்றார். என்மேல் அவருக்குக் கோபமே இல்லை. தணிக்கை என்று ஒன்று இருப்பதும், அதை எழுதியவன் தன் முன்னால் நிற்பதும் அவருக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை. சொல்லியிருக்க வேண்டும்.

பல ஆண்டு கழித்து, லண்டனின் கிழக்கே பாப்ளர் என்ற இடத்தில் நடந்த வழக்கைப் படித்தேன். அந்த நகர மன்றம் தன் கடைநிலைத் தொழிலாளர்களுக்கு ஆண், பெண் என்று பாராமல் வாரம் 4 பவுண்டு கூலி கொடுத்தது. சந்தைக் கூலியைவிட அது அதிகம் என்று மாவட்டத் தணிக்கையாளர் தடை செய்து, மிகுதியை மன்ற உறுப்பினர்கள் கைக்காசிலிருந்து கட்ட வேண்டும் என்றார். 1925-இல் பிரபுக்கள் சபையும் அவர் பக்கமே தீர்ப்புச் சொன்னது. அந்தத் தணிக்கையாளர் நேர்மையானவராகத்தான் இருந்திருப்பார். விதிப்புத்தகத்தைத் தவிர வேறு எதையும் பார்க்காத நேர்மை அது. படித்த அன்று அந்தக் கோலமாவு டப்பாவும் ஏழு வெற்றுக் கட்டங்களும்தான் கண்முன் வந்தன.

அந்தப் பாராவுக்குப் பிறகு நான் அறையைவிட்டு வெளியே போக ஆரம்பித்தேன். சாலை போட்டதாக எம்-புக் சொன்னால் அந்தச் சாலையில் நடந்து பார்ப்பது. தெருவிளக்கு மாற்றியதாகப் பதிவேடு சொன்னால் இரவு ஏழு மணிக்கு அந்தத் தெருவுக்குப் போவது. குடிநீர்க் கணக்கில் இது நன்றாகவே கைகொடுத்தது. ஆற்றங்கரை நீரேற்று நிலையத்தில் பம்பு ஆபரேட்டர் எழுதும் லாக் புக் ஒன்று இருக்கும்; எத்தனை மணிக்கு மோட்டார் ஓடியது, எப்போது கரண்ட் போனது என்று அவர் உண்மையாக எழுதி வைத்திருப்பார். யாரும் அதைத் தணிக்கைக்குக் கேட்பதில்லை. அதைக் கேட்டு வாங்கி, பிளீச்சிங் பவுடர் இருப்புப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். மோட்டார் பழுதாகி ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறாத நாள்களிலும் பவுடர் மூட்டை மூட்டையாகச் செலவாகியிருந்தது. ஒவ்வொரு வவுச்சரும் தனித்தனியே பார்த்தால் அப்பழுக்கில்லாதது.

2000–01 முதல் தமிழ்நாட்டு நகராட்சிகள் இரட்டைப் பதிவு முறைக்கு மாறின. அதுவரை வந்த காசு, போன காசு என்ற வரவு செலவுதான். நகராட்சிக்கு என்ன சொத்து இருக்கிறது, எவ்வளவு கடன் என்று ஒரே தாளில் காட்ட வழியில்லை. ஐந்தொகை தயாரிக்கச் சொத்துப் பட்டியல் வேண்டும் என்றபோதுதான் பல ஊர்களில் அந்தப் பட்டியலே இல்லை என்று தெரிந்தது. வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, கல்வி நிதி என்று மூன்று புத்தகம். தொடக்க இருப்பு எழுதுவதற்காகச் சர்வேயரோடு வெயிலில் அலைந்தோம். மனைப்பிரிவு வரைபடத்தில் பச்சை நிறத்தில் பூங்கா என்று இருந்த இடத்தில் ஒரு மரஅறுவை மில் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்தது அப்போதுதான். இந்த மாற்றத்தை வெறும் கணக்கெழுத்து மாற்றம் என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்ப மாட்டேன். தனக்கு என்ன இருக்கிறது என்று தெரியாத ஊர், எது காணாமல் போனது என்று எப்படிச் சொல்லும்?

இனி சந்தைக்கு வருகிறேன்.

சிறு நகராட்சிகளின் சொந்த வருமானம் மெலிந்தது. சொத்துவரிச் சீராய்வு 1998-இல் ஒரு முறை, 2008-இல் ஒரு முறை. 2018-இல் ஏற்றியதை அடுத்த ஆண்டே நிறுத்தி வைத்தார்கள். அதன்பின் 2022-இல்தான். இடைப்பட்ட காலத்தில் சம்பளமும் கரண்ட் பில்லும் ஏறிக்கொண்டே இருக்க, கைகொடுப்பவை குத்தகை இனங்கள்: சந்தை, பஸ் ஸ்டாண்ட் கட்டணம், சைக்கிள் ஸ்டாண்ட், கட்டணக் கழிப்பிடம், கடைகள். நகராட்சி ஏலம் விடும். எடுத்தவர் மன்றம் நிர்ணயித்த கட்டணத்தை மட்டும் வசூலிக்க வேண்டும்.

2016-இல் பள்ளத்தாக்கின் ஒரு நகராட்சியில் ஆய்வாளராகத் தணிக்கைக்கு உட்கார்ந்தேன். எந்த ஊர் என்பது வேண்டாம். 2014-இல் விட்ட சந்தைக் குத்தகைக் கோப்பு வந்தது. மூன்றாண்டுக் குத்தகை, ஆண்டுக்கு 5 சதவீதம் உயர்வு. ஏலத்தில் மூன்று பேர் கலந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் கேட்ட தொகைகளுக்கு நடுவே ஐந்நூறு ரூபாய்தான் வித்தியாசம். வைப்புத்தொகைக்கு மூவரும் கொடுத்த டி.டி. நகல்களை வரிசையாக மேஜையில் வைத்தேன். ஒரே வங்கிக் கிளை, ஒரே தேதி, அடுத்தடுத்த எண்கள். ஒரே ஆள் ஒரே வரிசையில் நின்று மூன்றையும் எடுத்திருக்கிறார். போட்டியே நடக்கவில்லை.

குத்தகைதாரர் சீட்டின் அடிக்கட்டைகளை மாதந்தோறும் ஒப்படைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. ஒன்றுகூட வரவில்லை. கட்டண விவரப் பலகையை வாசலில் வைக்க வேண்டும் என்றும் இருந்தது. பலகை இல்லை. மூன்று நாள் விடியற்காலை நாலு மணிக்கு என் சொந்த நேரத்தில் சந்தைக்குப் போய் நின்றேன். தரைக்கடை எத்தனை, மூட்டை எத்தனை, வண்டி எத்தனை என்று சட்டைப்பை நோட்டில் கோடு கிழித்துக்கொண்டே இருந்தேன். மன்றம் நிர்ணயித்த கட்டணத்தை மட்டும் வைத்துப் பெருக்கினாலே குத்தகைத் தொகையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வந்தது. வாசலில் உண்மையில் வாங்கியதோ அச்சிட்டதைவிட மூன்று மடங்கு. வரிசையில் நின்ற கீரைக்காரப் பெண்கள் பேசாமல் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

நான் எண்ணியதையும் பாராவில் சேர்த்தேன். “கண்ணால பார்த்ததுக்கு வவுச்சர் இல்லையேப்பா” என்றார் என் மேலதிகாரி. அவர் நல்லவர், பாரா நிற்க வேண்டும் என்பதுதான் அவர் கவலை. கடைசியில் டி.டி. எண்கள், அடிக்கட்டை, பலகை மூன்றும் ஏறின. என் கோடுகள் ஒரே வரியாகச் சுருங்கின.

அறிக்கை போனபோது ஊரில் மன்றமே இல்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த நகர்மன்றங்களுக்கு 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் நடந்தது. நடுவில் ஐந்து வருடத்துக்கு மேல் ஆணையர்களே தனி அலுவலர்கள். தணிக்கை அறிக்கையை ஆணையர் பெற்றுக்கொள்வார். பிறகு தனி அலுவலர் என்ற இன்னொரு நாற்காலியில் அவரே அமர்ந்து, பார்வைக்கு வைக்கப்பட்டது, பதிவு செய்யப்பட்டது என்று தீர்மானம் எழுதுவார். மன்றம் இருந்த காலத்திலும் அந்த ஒரே வரித் தீர்மானம்தான் என்றாலும், எழுந்து கேட்கக்கூடிய இருபது, முப்பது பேர் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். தடைகளைத் தீர்க்க நாங்களும் நகராட்சியும் சேர்ந்து உட்காரும் கூட்டமர்வுகளில் அந்தச் சந்தைப் பாரா ஆண்டுக்கு ஆண்டு வந்து, நிலுவையில் என்ற சொல்லோடு திரும்பிப் போனது.

அப்போதெல்லாம் இன்னொரு லண்டன் வழக்கு நினைவுக்கு வரும். நான் வேலைக்குச் சேர்ந்த அதே 1989-இல், அங்கே வெஸ்ட்மின்ஸ்டரில் உள்ளூர்வாசிகள் சிலர் மன்றத்தின் கணக்கில் ஆட்சேபணை எழுப்பினார்கள். வெற்றி தோல்வி ஊசலாடும் வார்டுகளில் வாக்குக்காக மன்றத்தின் வீடுகளை விற்கிறார்கள் என்பது புகார். தணிக்கையாளர் ஜான் மேகில் ஆண்டுக்கணக்கில் விசாரித்து 1996-இல் முடிவு சொன்னார். மன்றத் தலைவியாயிருந்த ஷெர்லி போர்ட்டர்மீது பல கோடி தண்டத்தீர்வை விதித்தார். 2001-இல் பிரபுக்கள் சபை அதை உறுதி செய்தது. எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது தண்டத்தொகை அல்ல. அங்கே வாக்காளர் எவரும் கணக்கைப் புரட்டிப் பார்த்துத் தணிக்கையாளரிடம் ஆட்சேபணை கொடுக்கலாம் என்று சட்டம் இருக்கிறது. நம் கிராமங்களில் நூறு நாள் வேலைக்குச் சமூகத் தணிக்கை என்று ஒன்று வந்தது. கிராம சபையில் எல்லார் முன்னாலும் படிக்க வேண்டும். பதினைந்தாவது நிதிக்குழு, தணிக்கை முடிந்த கணக்கை இணையத்தில் போட்டால்தான் மானியம் என்றது. நல்லதுதான். ஆனால் கீரைக்கூடை சுமப்பவள் ஐந்தொகையை எங்கே போய்ப் படிப்பாள்? நகரத்து வார்டிலும் ஒரு நாள் எல்லாரையும் கூட்டி அறிக்கையை வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்று கூட்டமர்வுகளில் நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். இன்றும் சொல்கிறேன்.

2022 ஏப்ரலில், ஓய்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, சந்தைப் பாரா எழுதிய அதே நகராட்சியின் அதே அறைக்குப் புதிதாக வென்ற உறுப்பினர் ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். பூக்கட்டி விற்கிற குடும்பம்.

“சார், பழைய ஆடிட் ரிப்போர்ட்டுல சந்தையப் பத்தி இருக்காம்ல. எங்க வார்டுலதான் சார் சந்தை. நான் பாக்கலாமா?”

“இது மன்றத்துக்கு எழுதுனதும்மா. உங்களுக்குத்தான் எழுதுனது. உக்காருங்க.”

முப்பத்து மூன்று ஆண்டில், ஒரு பாராவைப் படிக்க வேண்டும் என்று கேட்டு மன்ற உறுப்பினர் ஒருவர் என் முன்னால் வந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். டி.டி. எண்கள் வந்த இடத்தில் நிறுத்தி, “மூணும் ஒரே ஆளு எடுத்திருக்கான்” என்றார். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தார். எழுந்து போகும்போது, “அந்தப் பலகைய மட்டுமாச்சும் மொதல்ல வைக்கச் சொல்லிப் பாக்குறேன் சார்” என்றார்.

ஜூனில் ஓய்வுபெற்றேன். ஆடி மாதம் ஒரு காலையில் காய் வாங்க அந்தச் சந்தைக்குப் போனேன். வாசலில் மஞ்சள் பலகை நின்றது. கறுப்பு எழுத்தில் ஐந்து வரி. பக்கத்தில் கூடையை இறக்கி வைத்திருந்த கிழவி, கையில் சீட்டோடு என்னைக் கூப்பிட்டாள்.

“ஏப்பா, எனக்குக் கண்ணு தெரியல. அதுல எம்புட்டுன்னு போட்டிருக்கு?”

“தரைக்கடைக்கு ஒரு நாளைக்குப் பத்து ரூவா, ஆத்தா.”

“பத்தா? நல்லாப் பாத்தியா?”

“நல்லாப் பாத்துட்டேன். பத்துதான்.”

அவள் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கீரையின் மேல் ஈரச் சாக்கை இழுத்துப் போட்டாள். பக்கத்துக் கடைக்காரியிடம், “இதக் கொஞ்சம் பாத்துக்கடி” என்று சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, சீட்டுக் கொடுத்தவன் நின்ற இடத்தைப் பார்த்து நடந்தாள்.